எழுதாம விட்ட நாஷ்டா

போன மாசம் என் பழைய கம்பெனியிலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. எங்க காலத்து ஃபோல்டரை எல்லாம் ஏதோ புது சாஃப்ட்வேருக்கு மாத்தறாங்களாம், கேள்வி கேட்டா அதுவே பதில் சொல்லுமாம். உங்க ஃபைல் நிறைய இருக்கு மேடம், எதை எல்லாம் அழிச்சுடலாம்னு சொல்றீங்களான்னு கேட்டுச்சு. எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துச்சு. நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கிடையாது, எடுத்த எடுப்புல அழிக்கறதாம். ஆனா அடுத்ததா ஒண்ணு கேட்டுச்சு பாருங்க, அதுல நான் அடங்கிட்டேன். "உங்க ஃபார்ம்ல நாலாவது கட்டத்தை மட்டும் வேற ஊர் ஆளுதான் எழுதணும்னு போட்டிருக்கு. ஏன் மேடம்? எழுதறவங்களே அதையும் எழுதிடலாமே?"

நல்ல கேள்வி. ரிட்டையர் ஆனதுலேர்ந்து யாரும் என்னை அதைக் கேட்டதில்ல. போன்லயே சொல்ல ஆரம்பிச்சேன், பாதியில அதுக்கு மீட்டிங் வந்துருச்சு. அதான் உக்காந்து எழுதிக்கினு இருக்கேன்.

நான் சகுந்தலா. ஊரு கவரைப்பேட்டை. டைப்ரைட்டிங் ஹையர் முடிச்ச கையோட கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில மோட்டார் செய்யற கம்பெனி ஒண்ணுல டைப்பிஸ்டா சேந்தேன். டைப் மிஷின் போய் டெலக்ஸ் வந்துச்சு, அது போய் ஃபேக்ஸ் வந்துச்சு, அதுவும் போய் கம்ப்யூட்டர் வந்துச்சு. ஒவ்வொண்ணு வரும்போதும் என்னைத்தான் புடிச்சு அது முன்னாடி உக்கார வெச்சாங்க. திறமைன்னு நினைச்சுடாதீங்க, வேற யாரும் முன்னாடி வரல. எனக்கோ புதுசா ஒரு பொட்டி வந்தா அதுக்குள்ள இன்னா இருக்குன்னு பாக்காம தூக்கம் வராது.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் கம்பெனி பெருசாச்சு. ஹரியானாவுல ஒரு ஆலையை வாங்கினாங்க. ஜெர்மனியில மோட்டாருக்கு டிசைன் வரையறதுக்கு ஒரு ஆபீஸ். மோட்டார் ஒண்ணு, ஊரு மூணு. ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்ததில்ல, ஆனா எல்லாரும் ஒரே டீம்னு பேரு. அவங்கவங்க கத்துக்கினதை எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு பொது ஃபோல்டர்ல போடணும். அந்த ஃபோல்டரைப் பாத்துக்கற வேலை எனக்கு வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு இன்னா வேலை அதுன்னு கேட்டாரு. மூணு ஊர்க்காரங்க பேசறதைக் கேட்டு, யாரு சொன்னா, எதுக்குச் சொன்னான்னு எடுத்து வெக்கற வேலைன்னேன். அதைத்தான் நீ தெருவுல சும்மாவே செஞ்சுக்கினு இருக்கியேன்னாரு.

பேசறதுக்குன்னு மேஜை நடுவுல வெக்கற போன் ஒண்ணு வந்துச்சு. மூணு பக்கமும் காலை நீட்டிக்கினு படுத்திருக்கும். எங்க வார்னிஷ் செக்ஷன் சூப்பர்வைசர் நிஜாம் பாய் அதைப் பாத்ததும் நண்டுன்னு பேரு வெச்சாரு. பழவேற்காட்டுக்காரரு, குடும்பமே மீன், இறால்னு வியாபாரம். இவரு மட்டும் மோட்டாருக்கு வந்துட்டாரு, வியாபாரி வாய் மட்டும் கூடவே வந்துருச்சு. அப்புறம் கம்பெனி முழுக்க அது நண்டுதான். 'நண்டு ரூமுக்கு வாங்க'ன்னா மீட்டிங்னு அர்த்தம்.

ஆரம்பத்துல அந்த நண்டு முன்னாடி உக்காந்தா எனக்குத் தலைகால் புரியாது. இங்கேர்ந்து ஒண்ணு சொல்லுவோம். அந்தப் பக்கம் கப்சிப். ஒத்துக்கினாங்களா, கோச்சுக்கினாங்களா, டீ குடிக்கப் போயிட்டாங்களா, ஒண்ணும் விளங்காது. நேர்ல இருந்தா மூஞ்சைப் பாத்துச் சொல்லிடலாம். போன்ல அமைதிக்கு மூஞ்சி இல்லியே. மினிட்ஸ்ல இன்னா எழுதறதுன்னு பேனாவைக் கடிச்சுக்கினு உக்காந்திருப்பேன்.

இதுக்கு வழி கண்டவரு ஜெயசீலன் சாரு. அவருதான் எனக்கு மேலதிகாரி, தரக்கட்டுப்பாட்டுத் தலைவரு. திருவள்ளூர்லேர்ந்து வருவாரு. மின்சார வண்டியில பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய், அங்க இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டியைப் புடிச்சுத் திரும்பி மேல வரணும். பெரியபாளையம் வழியா பஸ்ல வந்தா சுலபம்தானே சார்னு கேட்டா, பஸ்ல படிக்க முடியாதும்மான்னு சொல்லுவாரு. குரலை உசத்திப் பேசி நான் பாத்ததே இல்ல. அவருக்கு ஆகாத வார்த்தை ஒண்ணே ஒண்ணு, 'வழக்கம்போல'. யாராவது வழக்கம்போலன்னு சொல்லிட்டா பேனாவைக் கீழ வெச்சுட்டு, "யாரு வழக்கம்?"னு கேப்பாரு. நக்கல் இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேப்பாரு. அதுதான் எரிச்சலே.

அவரு ஒரு பழக்கம் கொண்டாந்தாரு. போன் மீட்டிங், நாங்க கால்னு சொல்லுவோம், அது ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரும் தான் எங்க உக்காந்திருக்கோம், கண்ணு முன்னாடி இன்னா இருக்கு, பக்கத்துல யாரு இருக்காங்கன்னு சொல்லணும். அப்புறம்தான் வேலைப் பேச்சு. அவரே முதல்ல சொல்லுவாரு: கும்மிடிப்பூண்டி, ஜன்னல் ஓரம், வெளிய மழை, ரெண்டாவது ஷெட்ல கரண்ட் இல்ல, எதிர்ல நிஜாமுதீன், பக்கத்துல சகுந்தலா. எங்களுக்கு வெக்கமா இருக்கும். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்குன்னு நிஜாம் பாய் என் காதைக் கடிப்பாரு. ஆனா ஒருநாள் ஜெர்மனிக்காரரு தன் முறை வந்தப்போ, இங்க பனி கொட்டுது, ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான், மத்தவங்க யாரும் வர முடியலன்னாரு. அந்த வாரம் முழுக்க பதில் போடாத மனுசனை நாங்க திட்டித் தீத்துக்கினு இருந்தோம். அன்னியிலேர்ந்து நிஜாம் பாய் அட்டெண்டன்ஸ்னு கிண்டல் பண்றதை விட்டுட்டாரு.

ஃபோல்டர்ல போடற ஃபார்மையும் சாரு மாத்தினாரு. முன்னாடி மூணு கட்டம்தான்: பிரச்னை, காரணம், தீர்வு. இவரு நாலாவதா 'சூழ்நிலை'ன்னு ஒண்ணு சேத்தாரு. அந்தத் தீர்வைக் கண்டப்போ சுத்தி எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு எழுதணும். எழுதினாங்களா? எல்லா ஊர்லயும், எல்லா ஃபார்ம்லயும், நாலாவது கட்டத்துல ஒரே வார்த்தை: நார்மல். நானும் விரட்டிப் பாத்தேன். "நார்மல்தானேம்மா, வேற இன்னா எழுதச் சொல்ற?"ன்னுதான் பதில் வந்துச்சு.

இப்போ அந்த வார்னிஷ் கதைக்கு வரேன். மோட்டாருக்குள்ள செம்புக்கம்பி சுத்தின வெளிக்கூடு ஒண்ணு இருக்கும், ஸ்டேட்டர்னு பேரு. ஈரம் போக அதை ராத்திரி ஷிப்டு ஓவன்ல வெச்சுக் காய வெப்பாங்க. காலையில எடுத்து வார்னிஷ் தொட்டியில முக்குவாங்க. வார்னிஷ் உள்ள வரைக்கும் இறங்கினாத்தான் கம்பிக்குக் கம்பி கரண்ட் தாவாது. இறங்கலன்னா ஓடிக்கினே இருக்கற மோட்டார் ஒருநாள் புகைஞ்சு போகும்.

எங்க ஊர்ல கடல் காத்து, உப்பு ஈரம். ஓவன்லேர்ந்து எடுத்த ஸ்டேட்டரை மத்தியானம் வரைக்கும் போட்டு வெச்சா மறுபடியும் ஈரத்தைக் குடிச்சுடும். ஒரு மழைக்காலத்துல டெஸ்ட்ல ஸ்டேட்டருங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஃபெயில் ஆச்சு. நிஜாம் பாய் கண்டுபுடிச்சு, ஆற விடாம சூட்டோட முக்குங்கன்னு முறையை மாத்தினாரு. பிரச்னை தீந்துச்சு. அவரு சொல்லச் சொல்ல நானே ஃபார்மை டைப் பண்ணேன். தீர்வு: ஓவன்லேர்ந்து எடுத்ததும் இடைவெளி இல்லாம முக்கவும். சூழ்நிலை: நார்மல்.

ஹரியானா ஆலையில நீலம்னு ஒரு பொண்ணு இருந்துச்சு, இன்ஜினியர். இன்னும் புரொபேஷன்தான், வேலை நிரந்தரம் ஆகல. அந்த ஷெட்டுக்குள்ள வேலை பாத்த ஒரே பொண்ணு. கால்ல மத்தவங்க ஓகே ஓகேன்னு தலையாட்டற இடத்துல அது மட்டும் "எதுக்கு?"ன்னு கேக்கும். எனக்கு அதாலயே அதை ரொம்பப் புடிக்கும். அவங்க ஊர்லயும் மழை மாசத்துல ஸ்டேட்டர் டெஸ்ட்ல ஃபெயில் ஆகவும், நீலம் ஃபோல்டர்ல தேடி எங்க நோட்டை எடுத்து, மேல இருக்கறவங்ககிட்ட போராடி, தன் ஆலையில கொண்டாந்துச்சு. எங்க நோட்டை இன்னொரு ஊர்ல படிச்சு எடுத்தாங்கன்னு நான் ஊட்டுக்கு ஸ்வீட் வாங்கிக்கினு போனேன்.

கொஞ்ச மாசத்துல அந்த ஆலை மோட்டாருங்க புகைஞ்சு திரும்பி வர ஆரம்பிச்சுது. பிரிச்சுப் பாத்தா வார்னிஷ் முழுக்கக் குமிழும் ஓட்டையும். அவங்க ஜி.எம்.முக்குப் பெரிய குரல், பேசினா நண்டு மேஜையில அதிரும். வார்னிஷ் கம்பெனிப் பேப்பர்லயும் சூட்டோட முக்குன்னு இருக்கு, கும்மிடிப்பூண்டியும் அதையே சொல்லுது, அப்போ தப்பு செஞ்ச கையிலதான் இருக்குன்னாரு. அப்புறம் எல்லாரும் கேட்டுக்கினு இருக்கும்போதே, "மாசக் கடைசிக்குள்ள காரணம் தெரியலன்னா நீலத்தோட கன்ஃபர்மேஷன்ல நான் கையெழுத்துப் போட முடியாது"ன்னாரு. அந்தப் பக்கம் நீலம் உக்காந்திருக்குன்னு எனக்குத் தெரியும், அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் தான் எங்க இருக்கேன்னு சொல்லுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

நிஜாம் பாய் வேற அவரு பங்குக்குச் சூடாயிட்டாரு. நாங்க தினம் இப்படித்தான் செய்றோம், எங்க மோட்டார் ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சான்னாரு. ஓவனுக்கும் தொட்டிக்கும் நடுவுல எவ்ளோ நேரம் விடறீங்கன்னு நீலம் மெதுவா கேட்டுச்சு. "நேரமே விடறதில்ல, ஓவன்லேர்ந்து நேரா தொட்டிதான்"னு இவரு அடிச்சுச் சொன்னாரு. அவரு பொய் சொல்லல. நானும் அப்படியே மினிட்ஸ்ல எழுதினேன். அங்கயும் எழுதினபடிதான் செய்றாங்க, இங்கயும் எழுதினபடிதான் செய்றாங்க, ஒண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு புகையுது. இது இன்னாடா மாயம்னு எனக்கு மண்டை காஞ்சுது.

ஜெயசீலன் சாரு ரெண்டு ஊரு பேப்பரையும் மூடி வெச்சாரு. பேப்பரைப் படிச்சது போதும், ரெண்டு ஆலையும் ஒரே நேரத்துல செஞ்சு பாக்கட்டும்னாரு. முதல் ஷிப்டு தொடங்கும்போது ரெண்டு ஊர்லயும் ஓவனைத் திறக்கணும். இங்க கை அசைஞ்சா அதை வாயால சொல்லணும், சகுந்தலா செல்போன்ல அதை நீலத்துக்குச் சொல்லணும், நீலம் தன் ஊர்ல நடக்கறதோட அதை ஒப்பிட்டுப் பாக்கணும். வழக்கம்போலன்னு யாரும் சொல்லக்கூடாது. முடியற வரைக்கும் யாரும் லைனை விடக்கூடாது.

நான் விடிகாலை வண்டியில போய் இறங்கினேன். நிஜாம் பாய் கையுறை போட்டாரு, கையுறை போட்டாருன்னு சொன்னேன். கதவைத் திறந்தாரு, சொன்னேன். இடது காலால கதவைத் தள்ளிப் புடிச்சாரு, அதையும் சொன்னேன். கல்யாண வீடியோக்காரன் மாதிரி நான் பின்னாடியே ஓட, செக்ஷன்காரங்க எல்லாம் வாயை மூடிக்கினு சிரிக்கறாங்க. நிஜாம் பாய், "சகுந்தலாம்மா, மூக்கைச் சொறிஞ்சா அதையும் சொல்லுவியா?"ன்னாரு. அதையும் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் நீலம் சிரிச்சுது. ரொம்ப நாள் கழிச்சு அது சிரிச்சுக் கேட்டேன்.

ஸ்டேட்டருங்க அடுக்கின டிராலி வெளிய வந்துச்சு. வழி விடணுமேன்னு பெரிய ஃபேன் பக்கமா தள்ளி நிறுத்தினாரு. அப்போ மணி அடிச்சுது.

மணி அடிச்சா நாஷ்டா, அதான் காலைச் சாப்பாடு. எங்க ஆளுங்க முக்காவாசிப் பேரு முதல் வண்டியில வெறும் வயித்தோட வரவங்க. மணி அடிச்சா கால் தானா கேன்டீன் பக்கம் போயிடும். எல்லாரும் போனாங்க, நானும் போனேன். போனை டிராலி பக்கத்து மேடை மேல வெச்சேன், கட் பண்ணல. எதுக்கு வெச்சேன்னு கேட்டா எனக்குத் தெரியாது, மணி அடிச்சுது, வெச்சேன். அன்னிக்குப் பொங்கலும் வடையும் வேற.

சாப்பிட்டு, கையைத் துடைச்சுக்கினு வந்து போனை எடுத்தா லைன் உசுரோட இருக்கு.

"நீலம்?"

"இருக்கேன் மேடம். லைனை விடக்கூடாதுன்னு சாரு சொன்னாரே. ஹலோ ஹலோன்னு கூப்பிட்டேன், ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. எங்க போனீங்க?"

"நாஷ்டாவுக்கும்மா."

அப்புறம் கேட்டுச்சு: "நீங்க சாப்பிட்டப்போ டிராலி ஓவனுக்குள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?"

வெளியதான்னேன். சொல்லும்போதே எனக்கு உறைச்சுது. நிஜாம் பாய் பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்தாரு. கையுறையைக் கழட்டிட்டு வெறுங்கையை ஸ்டேட்டர் மேல வெச்சாரு. கை வெக்க முடிஞ்சுது. வெதுவெதுன்னு இருந்துச்சு. "யா அல்லா"ன்னாரு, ரொம்ப மெதுவா.

தினமுமான்னு நீலம் கேட்டுச்சு. தினமும்தான், கம்பெனி தொடங்கின நாள்லேர்ந்துன்னு சொன்னேன். அவங்க ஊர்ல ஆலை வாசல்லயே குவார்ட்டர்ஸ். எல்லாரும் ஊட்ல சாப்பிட்டுட்டு வேலைக்கு வரவங்க. ஓவனைத் திறந்தா கொதிக்கக் கொதிக்க நேரா தொட்டியில. காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா எப்படிப் பொரியும், அப்படித்தான் வார்னிஷ் பொரிஞ்சு குமிழ் விட்டிருக்கு. நாங்க கேப் இல்லன்னு சத்தியம் பண்ணோமே, எங்களுக்கு அது கேப்பே இல்லீங்க. அது நாஷ்டா. மத்தியானம் வரைக்கும் போட்டு வெச்சாத்தான் எங்க கணக்குல ஆற விடறது.

நீலம் அன்னிக்கே ஒரு டிராலியை ஃபேன் முன்னாடி நிறுத்தி, கை பொறுக்கற சூட்டுக்கு வந்தப்புறம் முக்கிப் பாத்துச்சு. குமிழ் இல்ல. அந்த வாரம் பூரா செஞ்சு பாத்தாங்க, எல்லாம் சுத்தம்.

காரணம் கிடைச்சா போதுமா? எங்க புரொடக்ஷன் மேனேஜரு நண்டு ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினாரு. கால்ல நாஷ்டா பேச்சை எடுக்காதீங்க, கொஞ்சம் ஆற வெச்சு முக்கணும்னு மட்டும் சொல்லுங்க, இல்லன்னா புகைஞ்ச மோட்டார் எல்லாம் நம்ம தலையில விடியும்னாரு. எனக்குத் திக்குனு ஆச்சு. அப்படிச் சொன்னா, ஆற வெக்கத் தெரியாதவன்னு அந்தப் பொண்ணு தலையில இல்ல எழுதுவாங்க? ஜெயசீலன் சாரு எல்லாத்தையும் கேட்டுக்கினாரு. சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அந்த மனுசன் வாயைத் திறக்கற வரைக்கும் உள்ள இன்னா இருக்குன்னு ஆண்டவனுக்கே தெரியாது.

கால் ஆரம்பிச்சுது. அவரு தன் முறைக்கு எப்பவும்போல சொல்ல ஆரம்பிச்சாரு. "கும்மிடிப்பூண்டி. வெயில் அடிக்குது. பக்கத்துல நிஜாமுதீன், சகுந்தலா, புரொடக்ஷன் மேனேஜர். என் முன்னாடி ஒரு ஸ்டேட்டர் இருக்கு. இது காலையில ஓவன்லேர்ந்து வந்து, எங்க ஆளுங்க சாப்பிட்டு வர வரைக்கும் ஃபேன் காத்துல நின்னுச்சு. எங்க ஆலையில தினமும் இப்படித்தான் நடக்குது. நாங்க அதை எழுதல, இடைவெளி இல்லன்னு எழுதினோம். நீலம் நாங்க எழுதினதை ஒரு எழுத்து மாறாம செஞ்சிருக்காங்க. தப்பு எங்க நோட்டுல."

புரொடக்ஷன் மேனேஜரு சேரைத் தள்ளிக்கினு எழுந்து வெளிய போயிட்டாரு. அந்தப் பக்கம் ஜி.எம். முதல் தடவையா அந்தப் பெரிய குரலை இறக்கினாரு. இவ்ளோ நாள் இதை ஏன் யாரும் சொல்லலன்னு கேட்டாரு. சொல்றதுக்கு அது ஒரு விஷயமா எங்க கண்ணுல படவே இல்ல சார்னாரு ஜெயசீலன் சாரு. இனிமே நாலாவது கட்டத்தை எழுதறவங்க எழுத வேணாம், படிக்கற ஊர்க்காரங்க கூடவே இருந்து பாத்து அவங்க எழுதட்டும்னும் சொன்னாரு. நமக்கு நார்மல்னு இருக்கறது வெளியாளுக்குத்தான் கண்ணுல படும். ஜி.எம். தொண்டையைக் கனைச்சுக்கினு, கன்ஃபர்மேஷன் பேப்பர்ல இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்னாரு.

வார்னிஷ் நோட்டோட நாலாவது கட்டத்தை நீலம்தான் எழுதுச்சு. ஓவனைத் திறந்ததும் கும்மிடிப்பூண்டியில எல்லாரும் நாஷ்டாவுக்குப் போறாங்க, யாரும் டிராலியைத் தொடறதில்ல, ஃபேனை அணைக்கறதில்லன்னு எழுதுச்சு. நாஷ்டான்னா இன்னான்னு ஜெர்மனிக்காரரு மெயில் போட்டாரு. பொங்கலை இங்கிலீஷ்ல விளக்கறதுக்குள்ள எனக்குப் பேஜாரா போச்சு. அந்த நோட்டை அழிக்காதேம்மா, போன் பண்ண பொண்ணே, உனக்குத்தான் சொல்றேன்.

அன்னிக்குக் கால் முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. நண்டை அணைக்கலாம்னு கையை வெச்சா, ஒரு லைன் மட்டும் இறங்காம இருக்கு. யாருன்னு கேட்டேன்.

"நான்தான் மேடம், நீலம்." குரல் கம்மியிருந்துச்சு. அழுதிருக்கு. நல்லதா நாலு வார்த்தை சொல்லலாம்னா, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல அப்போ ஒண்ணும் வரல. அதுவே கேட்டுச்சு. "அன்னிக்கு சாப்பிடப் போனப்போ, நான் லைன்ல இருக்கேன்னு மறந்துட்டீங்களா மேடம்?"

பொய் சொல்ல மனசு வரல. "ஆமாம்மா. சுத்தமா மறந்துட்டேன்."

"நல்லவேளை மேடம்"னுச்சு. "கொஞ்சம் இரு, அப்புறம் கூப்பிடறேன்னு மரியாதையா சொல்லிட்டுப் போயிருந்தீங்கன்னா, நானும் போனை வெச்சிருப்பேன். அந்த நாஷ்டா நேரம் யார் கண்ணுலயும் பட்டிருக்காது."